பன்றிக்கு எது வலது காது

பிப்ரவரி 9

தம்பிக்கு,

போனில் பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், கடைசியில் யார் முதலில் போனை வைத்தது என்று அதற்கு ஒரு சண்டை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

விஷயம் இதுதான். வீட்டுக்குப் பின்னால் நம் கொட்டகை இருக்கிற நிலத்தை நிலக்காரர் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் கிடங்கு கட்டப்போகிறார்களாம். ஏப்ரல் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். வீடு என்னுடையது, அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒன்பது தாய்ப்பன்றிகளையும் ஓர் ஆண்பன்றியையும் வீட்டுக்குள் வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது. நான் ஒத்துப்போவேன், அவை ஒத்துப்போகாது.

கறி வியாபாரிக்கு எப்படியோ மூக்கில் வாசனை ஏறிவிட்டது. இரண்டு தடவை வந்துவிட்டான். "மொத்தமா நானே ஏத்திக்கிறேன்கா, உங்களுக்குத் தலைவலி விட்டுச்சு" என்கிறான். தாய்ப்பன்றிகளில் மூத்தவள், நம் பெரியவள், அவள் முதுகை ஏதோ தலையணை வாங்க வந்தவன் மாதிரி அமுக்கிப் பார்த்தான். அவள் அவன் காலை மிதித்தாள். அன்று எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

உன் கொட்டகை காலியாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். எல்லாவற்றையும் விற்றுவிட்டாயாம். ஏன் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வம்சம் நாம் இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. நீ கல்யாணம் ஆகி மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் போனபோது பாதியைத் தருகிறேன் என்றேன், வீம்புக்கு வேண்டாம் என்றாய். இப்போது முழுவதையும் எடுத்துக்கொள். ஒன்றும் தர வேண்டாம். இவை கத்திக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

உன் அத்தான் போன பிறகு நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. சாவுக்கு ஏன் வரவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. எனக்காக என்றால் இதையும் கேட்டிருக்க மாட்டேன்.

லாரி டிரைவர் ஒருவரிடம் பேசிவிட்டேன். செக்போஸ்ட் பக்கமே போக வேண்டாமாம். செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு மண் பாதை இருக்கிறதாம். "மணல் லாரி எல்லாம் அதுலதான்கா போவுது, நம்ம பன்னி போனா தேஞ்சா போயிடும்?" என்கிறார். வாரக் கடைசியில் ஏற்றிவிடட்டுமா?

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

முழுவதும் படித்தேன். கோபப்படவில்லை.

எடுத்துக்கொள்கிறேன். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. பெரியவள் இங்கே வருவாள் என்றதும் என் வீட்டுக்காரி துடைப்பத்தோடு கொட்டகைக்குப் போய்விட்டாள். ஆனால் மண் பாதை வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

என்னென்ன வேண்டும் என்று இங்கே ஆபீசில் கேட்டு வந்தேன். உன் பக்கத்து அரசுக் கால்நடை மருத்துவர் வந்து ஒவ்வொன்றுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். நோய் இல்லை என்று முடிவு வந்த பிறகு அவரே மறுபடி வந்து, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, சுகாதாரச் சான்று எழுத வேண்டும். எழுதிய நாளிலிருந்து முப்பது நாள்தான் அது செல்லும். ஒவ்வொரு பன்றிக்கும் ஓர் அடையாள எண் வேண்டும், அதே எண் எல்லாத் தாளிலும் இருக்க வேண்டும். இங்கிருந்து நான் பர்மிட் வாங்கி அதன் நம்பரை அனுப்புவேன், அதையும் சான்றில் எழுத வேண்டும். வந்து சேர்ந்ததும் தனிக் கொட்டகையில் ஒரு மாதம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

இன்னொன்று. ஏற்றுவதற்கு முன் லாரிச் சக்கரத்துக்கு மருந்து அடிக்கச் சொல். உன் கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று வை. யார் உள்ளே போனாலும் அதை மிதித்துவிட்டுப் போகட்டும், வியாபாரி உட்பட.

காது வெட்டு போதாது என்று சிலர் சொல்கிறார்கள், காதுவில்லை போட்டுவிட்டால் நல்லது.

சாவுக்கு வராததைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றி... இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

ரத்தம், சான்று, பர்மிட், ஒதுக்கி வைப்பது. பன்றியை அனுப்புகிறேனா, அமைச்சரை அனுப்புகிறேனா? என் வாசலில் தொட்டி வைத்து வருகிறவன் போகிறவன் காலைக் கழுவ வேண்டுமாம். இந்தக் கொட்டகையில் ஒரு நாள் ஒரு குட்டி இருமியதுண்டா? என் பன்றிக்கு நோய் இருக்கும் என்று நினைக்கிறாய், அதை நேராகச் சொல்லாமல் சட்டத்தை முன்னால் நிறுத்துகிறாய். எடுத்துக்கொள்ள மனம் இல்லையென்றால் இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. வியாபாரி திங்கட்கிழமை வருகிறான்.

காதுவில்லையும் போட மாட்டேன். குட்டியாக இருக்கும்போதே நீயும் நானும் காதை வெட்டி நம்பர் போட்டாயிற்று. ஒரு காதில் எந்த ஈற்று, மறு காதில் அந்த ஈற்றில் எத்தனையாவது குட்டி. இத்தனை வருஷம் அதை வைத்துத்தான் எது எவளுக்குப் பிறந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்டிய காதில் மறுபடி ஓட்டை போட்டு மஞ்சள் பிளாஸ்டிக்கைத் தொங்கவிட அவை என்ன பாவம் செய்தன?

இன்னொரு கடிதத்தில் எழுதுவாயாம். எழுது, எழுது. இரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னொரு தபால் பெரிதில்லை.

அக்கா


பிப்ரவரி 25

அக்காவுக்கு,

நான் பன்றிகளை விற்கவில்லை.

என் பக்கத்துக் கொட்டகைக்காரன் எல்லை தாண்டி மண் பாதை வழியாக நாலு குட்டி கொண்டுவந்தான். மலிவாகக் கிடைத்தது என்றான். ஒரு தாளும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "எல்லாம் நல்ல எடம்தான்" என்றான். அந்த நாலும் முதலில் தீனி எடுக்கவில்லை. பிறகு காய்ச்சல். பிறகு காது நீலம் பாரித்தது. அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு வேலிதான்.

ஆபீசிலிருந்து வெள்ளை உடை போட்டுக்கொண்டு வந்தார்கள். நோய் கண்டது, காணாதது என்று பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. பொக்லைன் வந்து கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டியது. நான் ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய் விட்டேன். வேறு யார் கூப்பிட்டாலும் அவை வரவில்லை, நான் கூப்பிட்டால் வந்தன. என் வீட்டுக்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்கக் கூடாது என்று. மிக்ஸி எரிந்துபோகும்வரை ஓட்டினாள்.

கொட்டகை அதற்குப் பிறகு பூட்டியே கிடந்தது. மருந்தடித்து, சோதித்து, இனி வளர்க்கலாம் என்று போன மாதம்தான் தாள் கொடுத்தார்கள்.

உன் பன்றிகளுக்கு நோய் என்று நான் நினைக்கவில்லை. சூடு கண்ட பூனை, அவ்வளவுதான். மண் பாதையில் வருகிற எதையும் இனி என் வேலிக்குள் விட மாட்டேன். அது உன் பெரியவளாக இருந்தாலும், நீயாகவே இருந்தாலும்.

வியாபாரியிடம் கொடுத்துவிடாதே. கொஞ்சம் பொறு.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் அடுக்களை அலமாரியில் வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன். இவ்வளவு நடந்திருக்கிறது, கேட்டவர்களிடமெல்லாம் "வித்துட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாயே. உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ரத்தம் எடுத்தாயிற்று. டாக்டரம்மா நல்ல மாதிரி, ஆனால் பன்றிக்குப் புதிது. மூக்குக் கயிற்றை நான் பிடிக்க, அவர் கழுத்தில் ஊசி போட, மூக்கி கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் கொலை என்று நினைத்து ஓடிவந்தார். நான் நம்பரைச் சொல்லச் சொல்ல டாக்டரம்மா குப்பியில் எழுதி ஒட்டினார். மூக்கி ஏழு–இரண்டு, சண்டைக்காரி ஒன்பது–நான்கு, இப்படி. எனக்குக் காதைப் பார்க்கவே வேண்டியதில்லை, பிள்ளைகள் பெயர் மாதிரி வாயில் வரும்.

பெரியவள் சினையாக இருக்கிறாள். உனக்கு வண்டி நிறைய வருவாள்.

தொட்டியும் வைத்துவிட்டேன். முதல் நாளே நானே தடுக்கி விழுந்தேன். சந்தோஷமா?

அக்கா


மார்ச் 24

தம்பிக்கு,

லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ரத்த முடிவு எல்லாமே சுத்தம் என்று வந்தது. டாக்டரம்மா வந்து, நான் தீனி கலக்கிக்கொண்டிருந்தபோதே ஒவ்வொன்றின் காதையும் அவரே பார்த்துச் சான்று எழுதினார். உன் பர்மிட் நம்பரும் எழுதினார். சக்கரத்துக்கு மருந்து அடித்தோம். நானும் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். உன்னிடம் நேரில் சேர்த்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று ஒரு நினைப்பு. அதுதான் தப்பு.

செக்போஸ்ட் இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "ரத்தத் தாள்ல ஏழு–இரண்டுன்னு இருக்கு. சான்றுல இரண்டு–ஏழுன்னு இருக்கு. எதும்மா உங்க பன்னி?"

"ரெண்டும் இதுதான் சார்."

"ஒரு பன்னிக்கு ரெண்டு நம்பர் எப்படி?"

"பன்னி ஒண்ணுதான் சார், பேப்பர்தான் ரெண்டு."

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஒன்றிரண்டு என்றால் எழுத்துப் பிழை என்று விடலாமாம், பத்துமே மாறியிருக்கிறதாம். "ரத்தம் குடுத்தது வேற, வண்டியில ஏறினது வேற. இந்த வேலையெல்லாம் நாங்க நிறையப் பாத்தாச்சு." என்னைப் பார்த்துச் சொன்னார், தம்பி. பன்றியை மாற்றிக் கொண்டுவந்திருக்கிறேனாம். கெஞ்சிப் பார்த்தேன். சத்தம் போட்டும் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது, லாரிக்குள் அவை மூச்சு வாங்கின, ஒரு வாளித் தண்ணீர் கேட்டதற்கு அந்தக் குழாய் ஆபீஸ் உபயோகத்துக்கு என்றார்கள். சாலைக்குக் குறுக்கே போட்டிருக்கிற மரக்கட்டைக்கு அந்தப் பக்கம் உன் மாநிலத்துச் சாலை தெரிகிறது. சாலை அப்படியேதான் இருக்கிறது, அதே தார்.

யானை போய் வால் மாட்டிக்கொண்ட கதை. திரும்பி வந்து எல்லாவற்றையும் இறக்கினோம். வியாபாரி வாசலில் உட்கார்ந்திருந்தான். யார் சொன்னார்களோ தெரியவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. சட்டப்படி செய்தால் சரியாகும் என்றாய். செய்தேன். என்ன ஆயிற்று, பார்.

அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க யோசித்தேன். ஏழு–இரண்டு எப்படி இரண்டு–ஏழு ஆகும்? காலையில் இங்கே ஆபீசில் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் புரிந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஈற்று எண்ணைப் பன்றியின் வலது காதில் வெட்ட வேண்டும், குட்டி எண்ணை இடது காதில். எல்லா இடத்திலும் அதுதான் முறை. நாமும் வலது காதில்தான் வெட்டினோம். ஆனால் யாருடைய வலது? நீ குட்டியை மடியில் வைத்து என் பக்கம் திருப்பிப் பிடிப்பாய், நான் எதிரில் குந்திக்கொண்டு என் வலது கைப்பக்கம் இருக்கிற காதை வெட்டுவேன். அது எனக்கு வலது. பன்றிக்கு இடது. முதல் குட்டியிலிருந்து நம் பண்ணையில் அத்தனையும் தலைகீழ். நமக்குள் ஒரு குழப்பமும் வரவில்லை, ஏனென்றால் நீயும் நானும் மட்டும்தான் படித்தோம். ரத்தம் எடுத்த அன்று நீ நம் முறையில் சொன்னாய். சான்று எழுதிய அன்று டாக்டரம்மா தான் படித்த முறைப்படி பார்த்து எழுதினார். முதல் கோணல் முற்றும் கோணல்.

டாக்டரம்மாவிடம் இதை அப்படியே சொல். காதுவில்லை போட்டு, அதன் நம்பரிலேயே மறுபடி ரத்தம் எடுக்கச் சொல். வேறு வழி இல்லை.

நீயும் லாரியில் வந்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் இங்கே வைக்கோல் பரப்பி வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்புவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அத்தான் சாவுக்கு நான் வந்தேன்.

தகவல் வந்தபோது பக்கத்துக் கொட்டகைக் குட்டிகள் விழுந்துகொண்டிருந்தன. என்னுடையதில் ஒன்று முந்தின நாள்தான் தீனியைத் தொடவில்லை. அது என்ன நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நான் பாட்டுக்குக் கிளம்பி பஸ் ஏறிவிட்டேன். உன் தெருமுனையில், தையல்கடைக்குப் பக்கத்தில் நின்றேன். வீட்டு வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பக்கத்துச் சந்து வழியாகக் கொட்டகைப் பக்கம் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தார்கள். குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். வாரில் கொட்டகைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதே செருப்போடு வந்துவிட்டேன். அத்தானையும் இழந்த வீட்டில் இதையும் கொண்டுவந்து விட வேண்டுமா என்று தோன்றியது. நீ வாசலுக்கு ஒரு தடவை வந்தாய், யாரோ பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். நான் திரும்பிவிட்டேன்.

துக்க வீட்டுக்குப் போன் பண்ணி இதை எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம் என்று பார்த்தால் நீ எடுக்கவில்லை. பிறகு எடுத்தாய், கத்தினாய், நானும் கத்தினேன். அப்படியே போய்விட்டது.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

முதலில் காது. நான் சரியாகத்தான் பிடித்தேன். வெட்டினவன் நீ. எதிரில் நிற்கிற ஆளுக்கு வலது இடது மாறும் என்று பள்ளிக்கூடம் போன உனக்குத் தெரிய வேண்டாமா? டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்தார். பிறகு "நானும் ரெண்டு தாளையும் ஒத்துப் பாத்திருக்கணும்மா" என்றார். அதைச் சொன்ன ஒரே அதிகாரி அவர்தான்.

எல்லாக் காதிலும் மஞ்சள் வில்லை போட்டாயிற்று. மறுபடி ரத்தம் எடுத்தாயிற்று. முடிவுக்குக் காத்திருக்கிறோம். அளவுக்காரர்கள் வந்து கொட்டகையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். பன்றிகள் அதை நக்குகின்றன.

இப்போது கேள். பெரியவளுக்கு வயிறு இறங்கிவிட்டது. அன்று செக்போஸ்டில் விட்டிருந்தால் நிம்மதியாக வந்திருப்பாள். இப்போது டாக்டரம்மா தலையை ஆட்டுகிறார். குட்டி போடப்போவதை வண்டியில் ஏற்றினால் சட்டப்படி தப்பாம், வழியில் செத்தும் போகலாமாம். அவளைச் சான்றில் எழுத மாட்டேன் என்கிறார். நான் கத்தவில்லை. அவர் சொல்வது சரி. சரியாக இருப்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, அதுவும் எந்தக் காது என்று தெரியாத இரண்டு பேரால்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு இப்போது பதில் எழுத மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

எட்டும் ஆண்பன்றியும் வந்து சேர்ந்துவிட்டன. அதே இன்ஸ்பெக்டர்தானாம், காதுவில்லையையும் தாளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாராம். மூக்கி இறங்கியதும் என் பேண்ட்டைக் கடித்தாள். சண்டைக்காரி ஒரு பலகையை உடைத்துவிட்டாள். என் வீட்டுக்காரி கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுகிறாள், சிரிக்கிறாள், எதற்கு என்று கேட்டால் திட்டுகிறாள்.

நீ லாரியில் வரவில்லை. டிரைவரிடம் கேட்டேன், "அக்காவுக்கு வீட்ல வேலை இருக்காம்" என்றார். பெரியவளைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்கிறார். நிலத்தை விட்டுவிட்டாயா? வியாபாரி வந்தானா? நீ எழுதவே இல்லை. போன் பண்ணினால் எடுக்கவில்லை. அவளைக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

நிலத்தைச் சாவியோடு கொடுத்துவிட்டேன். கொட்டகையைப் பிரித்தாயிற்று. வியாபாரியும் வந்தான், பெரியவளுக்கென்று தனியாகக் கயிறு கொண்டுவந்திருந்தான். அந்தக் கயிற்றை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், நல்ல கயிறு.

பெரியவள் வீட்டில் இருக்கிறாள். உன் அத்தான் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில். ஸ்கூட்டரைத் தள்ளிக் கூடத்தில் வைத்துவிட்டேன், இத்தனை நாள் அதை நகர்த்த மனம் வரவில்லை, அவளுக்காக நகர்த்தினேன். நேற்று முன்தினம் குட்டி போட்டாள். பதினொன்று, ஒன்றுகூடச் சாகவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஆபீசில் எழுதிப் போடுவேன் என்கிறார், டாக்டரம்மா அவரிடம் பேசி, குட்டிகள் பால் மறக்கும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எல்லாரையும் சான்றோடு, வில்லையோடு உன்னிடம் ஏற்றி அனுப்புவேன். காதை வெட்டவில்லை. எது வலது என்று சண்டை போட ஆள் இல்லாமல் எப்படி வெட்டுவது?

இப்போது உன் கடைசிப் பக்கம்.

அன்றைக்குத் தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம், தம்பி. தையல்கடைக்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஒரு வாளித் தண்ணீரும் மருந்தும் நானே தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அன்று என்னால் எழுந்து நிற்கவே முடியவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். உனக்கென்றால் எழுந்திருப்பேன். உன் செருப்பைத் தெருவிலேயே எரித்துவிட்டு உன்னை வெறுங்காலோடு உள்ளே கூட்டி வந்திருப்பேன். இரண்டு வருஷம் நீ வரவில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன். அதற்காக உன்னைத் திட்ட இப்போது வார்த்தை கிடைத்துவிட்டது, ஆனால் அதெல்லாம் எழுதுகிற வார்த்தை இல்லை, நேரில்தான் சொல்ல முடியும்.

உன் ஒதுக்கி வைக்கிற மாதம் முடிந்ததும் கிளம்பு. உனக்கு எல்லை தாண்ட ரத்தப் பரிசோதனை வேண்டாம், பர்மிட் வேண்டாம். உன் அளவுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். தொட்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்து வீட்டு வாசற்படிக்குக் கீழே வைத்துவிட்டேன். மருந்துத் தண்ணீரைத் தினமும் மாற்றுகிறேன்.

மிதித்துவிட்டு உள்ளே வா.

அக்கா